அட்டைப்பெட்டிக்குள் ஒரு கேளிக்கை விழா

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் காலையிலேயே பரபரப்பாகிவிடும். கடைகளின் முன்னே லாரிகள் வந்து நிற்கும். பலகாரங்கள், அகல்விளக்குகள், புடவைகள், பித்தளைப் பாத்திரங்கள் என எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கும். சற்று நேரத்தில் பொருள்கள் கடைக்குள் அலமாரிகளில் ஏறிவிடும். வெறும் அட்டைப்பெட்டிகள் மட்டும் நடைபாதை ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இதே காட்சியைக் காணலாம்.

அந்தக் குவியலை எல்லாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கடைக்காரருக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் குப்பை. தள்ளுவண்டியுடன் வரும் முதியவருக்கு அது அன்றைய வருமானம். பெட்டிகளைப் பிரித்து, மடித்து, கயிற்றால் கட்டி, பழைய பொருள் வாங்கும் இடத்தில் எடைக்குப் போட்டால் கையில் நாலு காசு சேரும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறுவனுக்கோ அது வீடாகவும் கப்பலாகவும் கோட்டையாகவும் தெரியும். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளை வாங்கிக் கொடுத்தால், பொருளை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த பெட்டிக்குள் ஏறி உட்காரும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இதை உலகமும் ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம் சிறந்த விளையாட்டுப் பொருள்களுக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு சாதாரண அட்டைப்பெட்டியும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

அட்டைப்பெட்டியின் வலிமை அதன் நடுவே ஒளிந்திருக்கிறது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால், இரண்டு தட்டையான தாள்களுக்கு இடையில் அலைபோல் வளைந்து செல்லும் மூன்றாவது தாள் தெரியும். இந்த நெளிதாள் 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைப்பதற்காக உருவாக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர், கண்ணாடிப் புட்டிகள் உடையாமலிருக்க அவற்றைச் சுற்றி வைக்க இதனைப் பயன்படுத்தினார். பின்னர் இருபுறமும் தாள் ஒட்டப்பட்டது. அதன்பின் பெட்டியாகவும் மாறியது. அலை வரிகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் அட்டை அதிகப் பாரத்தைத் தாங்கும். அலை வரியின் போக்கிலேயே மடித்தால் எளிதாக மடியும். குறுக்கே மடித்தால் கசங்கிவிடும். அட்டையில் எதைச் செய்வதானாலும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

இந்தப் பாடத்தை யாரும் கற்றுத்தராமலேயே கற்றுக்கொண்டான் ஒரு சிறுவன். அவன் பெயர் கெய்ன் மொன்ராய். 2011ஆம் ஆண்டு அவனுக்கு வயது ஒன்பது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் அவனுடைய தந்தை பழைய வாகன உதிரிப்பாகக் கடை நடத்திவந்தார். வியாபாரம் பெரும்பாலும் இணையத்திற்கு மாறிவிட்டதால் கடைக்கு நேரில் வருவோர் மிகக் குறைவு. பொருள்களை அனுப்புவதற்கான அட்டைப்பெட்டிகளோ கடை நிறைய இருந்தன. கோடை விடுமுறையைத் தந்தையின் கடையிலேயே கழிக்க வேண்டியிருந்த கெய்னின் கண்ணில் அந்தப் பெட்டிகள் பட்டன.

முதலில் ஒரு சிறிய கூடைப்பந்து வளையத்தைப் பெட்டியில் பொருத்தினான். அடுத்து ஒரு காற்பந்து ஆட்டத்தைச் செய்தான். அது மிகவும் எளிதாக இருப்பதாகத் தோன்றியதும், சிறிய பொம்மைப் போர்வீரர்களைக் கோல் காவலர்களாக ஒட்டி வைத்தான். பேரங்காடிகளில் பொம்மைகளைக் கவ்வி எடுக்கும் இயந்திரத்தைப் போலவே, ஒரு கொக்கியையும் நூலையும் கொண்டு தானும் ஒன்றைச் செய்தான். வென்றவர்களுக்குப் பரிசு வேண்டுமே! தன்னுடைய பழைய பொம்மைக் கார்களை எடுத்துப் பரிசாக அடுக்கி வைத்தான். உண்மையான விளையாட்டு நிலையங்களில் வெற்றி பெற்றதும் இயந்திரத்திலிருந்து சீட்டுகள் வெளிவருமல்லவா? கெய்னின் பெட்டிகளிலிருந்தும் சீட்டுகள் வந்தன. அவற்றை வெளியே தள்ள, அவனே பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து சென்றான்.

கட்டணத்தையும் அவனே வகுத்தான். ஒரு டாலர் கொடுத்தால் நான்கு முறை விளையாடலாம். இரண்டு டாலர் கொடுத்துச் சிறப்பு அட்டை வாங்கினால் 500 முறை விளையாடலாம். அந்த அட்டை போலியா உண்மையா என்று கண்டறிய ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பழைய கணிப்பானை ஒட்டி வைத்திருந்தான். அட்டையிலுள்ள எண்ணைத் தட்டி, 'சரி' குறியைப் போலத் தோன்றும் வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினால், நீளமான எண் ஒன்று தோன்றும். அது அட்டையில் எழுதப்பட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கணிதப் பாடத்தில் பலரும் அஞ்சும் வர்க்கமூலத்தை அவன் தன் கடைக்குக் காவலாளியாக வைத்துவிட்டான்!

எல்லாம் இருந்தன, விளையாட ஆள்தான் இல்லை. கெய்ன் கடை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து காத்திருந்தான். தன் பெயர் பொறித்த சட்டையையும் அணிந்துகொண்டான். தெருவில் செல்வோர் நின்று பார்க்கவில்லை. பள்ளியில் சொன்னபோது மற்ற மாணவர்கள் நம்பவில்லை. ஆயினும் அவன் கடையை மூடவில்லை. தூசி தட்டினான், பழுது பார்த்தான், புதிய ஆட்டங்களைச் சேர்த்தான்.

ஒருநாள் நிர்வான் மல்லிக் என்னும் திரைப்பட இயக்குநர் தம் பழைய காருக்குக் கதவுக் கைப்பிடி தேடி அந்தக் கடைக்கு வந்தார். வாசலிலிருந்த அட்டை உலகத்தைக் கண்டு வியந்து, இரண்டு டாலர் கொடுத்துச் சிறப்பு அட்டையை வாங்கினார். அவரே கெய்னின் முதல் வாடிக்கையாளர். அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கலாமா என்று அவனுடைய தந்தையிடம் அனுமதி கேட்டார். கெய்னுக்குத் தெரியாமல் இணையத்தில் ஓர் அழைப்பும் விடுத்தார். 2011 அக்டோபர் 2ஆம் நாள், வெளியே சென்றிருந்த கெய்ன் தந்தையுடன் கடைக்குத் திரும்பினான். வாசலில் பெருங்கூட்டம் அவனுடைய ஆட்டங்களை விளையாடக் காத்திருந்தது. 2012 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் குறும்படத்தை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். அவனது மேற்கல்விக்காக 2 இலட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை திரண்டது. அதே ஆண்டு அக்டோபரில், பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளால் தங்கள் கற்பனைக்கு உருவம் கொடுக்கும் உலகளாவிய சவால் ஒன்றும் தொடங்கப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நன்கொடைத் தொகையை நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆனால், நினைவில் நிற்க வேண்டிய எண் வேறொன்று உண்டு. அது 500. இரண்டு டாலருக்கு 500 ஆட்டம் என்பது வியாபாரக் கணக்கில் நட்டம்தான். ஒரு டாலருக்கு நான்கு ஆட்டம் என்றால் 500 ஆட்டத்திற்கு 125 டாலர் வாங்க வேண்டும். கெய்னுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாமல் இருக்கலாம். வந்தவர் மீண்டும் மீண்டும் விளையாட வேண்டும், மகிழ்ச்சியோடு திரும்ப வேண்டும் என்பதே அவனது ஆசை. விளையாட்டைச் செய்பவர், விளையாடுபவரின் பக்கம் நின்று சிந்தித்தால்தான் அது நல்ல விளையாட்டாகும்.

இந்த உண்மை மலேசியப் பள்ளிகளுக்கும் பொருந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பள்ளிகளில் 'கேண்டீன் தினம்' என்று மாணவர்கள் செல்லமாக அழைக்கும் சிற்றுண்டிச்சாலை தினம் நடைபெறுவதுண்டு. மாணவர்கள் முன்கூட்டியே பற்றுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மீ கோரெங், வடை, ஐஸ் கச்சாங் கடைகளோடு விளையாட்டுக் கூடங்களும் இருக்கும். உணவுக்கூடத்திற்கு முதலீடு வேண்டும். விளையாட்டுக் கூடத்திற்கோ நான்கு அட்டைப்பெட்டிகளும் கொஞ்சம் மூளையும் போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அல்லவா?

எளிமையானது 'வாயில் ஆட்டம்'. தேவைப்படும் பொருள்கள்: அகலமான ஓர் அட்டைப்பெட்டி, அடிக்கோல், பென்சில், கத்தரிக்கோல், ஒட்டுநாடா, மேசைப்பந்துகள் மூன்று. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் முன்பக்கத்தின் அடியில் குகை வாயிலைப் போல வளைந்த மூன்று திறப்புகளை வெட்ட வேண்டும். தடித்த அட்டையை வெட்டக் கூரிய கத்தி தேவைப்பட்டால் ஆசிரியரின் மேற்பார்வையில் வெட்டுவது நல்லது. இரண்டு மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு வரைய வேண்டும். விளையாடுபவர் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை உருட்டி வாயிலுக்குள் அனுப்ப வேண்டும். பெட்டியின் உள்ளே தரையில் ஒரு பழைய துணியை விரித்துவிட்டால் பந்து மோதித் திரும்பி வராது. மேலே கொடிகள் வேண்டுமென்றால், கழுவிய சாத்தே குச்சிகளில் வண்ணத்தாளை ஒட்டிச் செருகலாம். அட்டையின் அலை வரிகளுக்கு இடையிலுள்ள துளையில் அந்தக் குச்சி கச்சிதமாகப் பொருந்தும்.

இனிதான் கணக்கு வருகிறது. மேசைப்பந்தின் விட்டம் 4 சென்டிமீட்டர். முதல் வாயிலின் அகலம் 8 சென்டிமீட்டர் என்றால், பந்து விலகிச் செல்ல மீதமுள்ள இடம் 4 சென்டிமீட்டர். இரண்டாம் வாயில் 6 சென்டிமீட்டர் என்றால் மீதம் 2 சென்டிமீட்டர். மூன்றாம் வாயில் 5 சென்டிமீட்டர் என்றால் மீதம் 1 சென்டிமீட்டர் மட்டுமே. பார்வைக்கு 6 சென்டிமீட்டர் வாயிலும் 5 சென்டிமீட்டர் வாயிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் தோன்றும். ஆனால், பந்து உரசாமல் நுழைவதற்கான இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, வாயில்களுக்கு முறையே 10, 20, 40 எனப் புள்ளிகள் கொடுப்பது நியாயம். கடினம் இருமடங்கானால் வெகுமதியும் இருமடங்காக வேண்டும்.

இதே கணக்கைத் தவறாகவும் பயன்படுத்தலாம். மூன்றாம் வாயிலை 4 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வெட்டி, அதற்குப் பக்கத்தில் பெரிய பொம்மையைப் பரிசாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பந்து வாயிலின் ஓரத்தில் தட்டித் தட்டித் திரும்பும். விளையாடுபவர், "இன்னும் கொஞ்சம்தான்! அடுத்த முறை போய்விடும்!" என்று நினைத்து மீண்டும் மீண்டும் பற்றுச்சீட்டைக் கொடுப்பார். உலகின் சில கேளிக்கைச் சந்தைகளில் இத்தகைய தந்திரங்கள் உண்டு. கூடைப்பந்து வளையம் வட்டமாக இல்லாமல் நெளிந்திருக்கும். அடுக்கி வைத்த டின்களில் அடியிலுள்ள ஒன்று மட்டும் கனமாக இருக்கும். வீசும் வளையம் கட்டையைவிட மயிரிழை மட்டுமே பெரிதாக இருக்கும். விளையாடுபவர் தம் திறமையில்தான் குறை என்று எண்ணித் தலைகுனிந்து போவார். குறை உண்மையில் அளவுகோலைப் பிடித்தவரிடம் இருக்கும்.

பள்ளியில் அந்தக் கூடத்திற்கு முன் வந்து நிற்பவர் யார்? பலவேளைகளில் அது கீழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிறு பிள்ளையாக இருக்கும். அதன் உள்ளங்கையில் கசங்கிய கடைசிப் பற்றுச்சீட்டு இருக்கும். அந்தச் சீட்டைக் கொடுத்து உணவு வாங்கியிருக்கலாம். விளையாட்டை நம்பி இங்கே வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை அட்டையில் வெட்டிய ஒரு வாயில் காப்பாற்றவும் முடியும், கெடுக்கவும் முடியும். ஒரு சென்டிமீட்டரில் ஒருவரது நேர்மை தெரிந்துவிடும்.

எனவே, ஆட்டத்தைத் திறப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். வகுப்பு நண்பர்கள் 20 பேர் ஆளுக்கு 5 பந்து உருட்டினால் 100 பந்துகளாகும். ஒவ்வொரு வாயிலுக்குள்ளும் எத்தனை பந்துகள் சென்றன என்பதைக் குறித்துக்கொண்டால், நூற்றுக்கு எவ்வளவு என்ற விழுக்காடு உடனே கிடைத்துவிடும். ஒரு வாயிலுக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லையென்றால் அதை அகலப்படுத்த வேண்டும். இரண்டு மீட்டர் கோட்டோடு, சிறு பிள்ளைகளுக்காக ஒரு மீட்டரில் இன்னொரு கோடும் போடலாம். வாயில்களின் அகலத்தைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் ஒளிவுமறைவு இருக்காது.

நேர்மையாக நடத்தினால் நிதி சேராதே என்ற ஐயம் எழலாம். ஒரு ரிங்கிட்டுக்கு மூன்று பந்து என வைத்துக்கொள்ளலாம். நூறு பேர் விளையாடினால் 100 ரிங்கிட் கிடைக்கும். அவர்களில் 20 பேர் வென்று, ஒவ்வொருவரும் 2 ரிங்கிட் மதிப்புள்ள பரிசைப் பெற்றால் செலவு 40 ரிங்கிட். மீதம் 60 ரிங்கிட் பள்ளி நிதிக்குச் சேரும். ஐந்தில் ஒருவர் பரிசோடு போகும் கூடத்தின் முன் எப்போதும் கலகலவென்று கூட்டம் நிற்கும். தோற்றவர்களும், "நாளைக்கும் இருக்குமா, அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பெட்டிகளைச் சேகரிக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். கடை வாசலில் கிடக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துவந்துவிட முடியாது. "ஐயா, பள்ளி விளையாட்டுக்கு நான்கு பெட்டிகள் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். அதே பெட்டிக்காகத் தள்ளுவண்டி முதியவர் காத்திருந்தால், அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த கடையைப் பார்ப்பதே பண்பு. விளையாட்டு முடிந்த பின், ஒட்டுநாடாவைப் பிய்த்தெடுத்து, பெட்டிகளை மடித்து அவரிடமே கொடுத்துவிடலாம். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் கழிவுகளை வகைப்படுத்தி வைப்பது கட்டாயமாகியுள்ளது. எண்ணெய்க்கறை படியாத, நனையாத அட்டை மீண்டும் தாளாகும், மீண்டும் பெட்டியாகும்.

கையில் கிடைத்ததைக் கொண்டு விளையாட்டுச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தோட்டப்புறங்களில் வளர்ந்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ரப்பர் கொட்டைகளே அவர்களது கோலிக்குண்டுகள். காலிப் பால் டின்களில் கயிறு கட்டினால் தொலைபேசி. தீப்பெட்டிகளைக் கோத்தால் இரயில் வண்டி. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கற்சூளைகளால் வந்ததுதான். 1881ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடிசைகளையும் அழித்த பிறகு, செங்கல்லால் நகரத்தை மீண்டும் கட்டினார்கள். காலடியில் கிடந்த களிமண் நகரத்தின் சுவர்களாக எழுந்தது.

இன்று விளையாட்டு என்றால் பல பிள்ளைகளுக்குக் கைப்பேசித் திரைதான் நினைவுக்கு வருகிறது. அந்த விளையாட்டுகளில் வாயிலின் அகலத்தை யாரோ எங்கோ முடிவு செய்துவிடுகிறார்கள். அது நியாயமாக வெட்டப்பட்டதா என்பதை அளந்து பார்க்க வழியில்லை. அட்டைப்பெட்டி ஆட்டத்தில் அடிக்கோல் மாணவரின் கையில் இருக்கிறது. எவ்வளவு அகலமாக வெட்டுவது, எத்தனை புள்ளி கொடுப்பது, தோற்றவரிடம் என்ன சொல்வது என எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்க வேண்டும்.

கேண்டீன் தினத்தின் மாலையில் கூடாரங்கள் பிரிக்கப்படும். ஓரங்கள் நைந்துபோன வாயில் பெட்டி ஒன்று மூலையில் கிடக்கும். பகல் முழுவதும் நூற்றுக்கணக்கான பந்துகள் மோதியதால் அதன் முகம் நசுங்கியிருக்கும். கெய்ன் ஒரு கோடைக்காலம் முழுவதும் காத்திருந்தது, தன் பெட்டிகளும் இப்படி நசுங்க வேண்டும் என்பதற்காகத்தான்.